வெள்ளைத் திமிங்கலத்துக்கு எப்படிப் படம் போடுவது? நாவல் ஓவியத்தில் குறியீடு

1915ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்கா தன் பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். காலையில் கண்விழிக்கும் ஒருவன் பூச்சியாக மாறிக் கிடக்கும் அவருடைய ‘உருமாற்றம்’ கதை அப்போது நூலாக வரவிருந்தது. அட்டைக்கு ஓட்டோமார் ஸ்டார்க்கெ என்ற ஓவியர் படம் வரையப் போகிறார் என்று தெரிந்ததும் காஃப்காவுக்குப் பதற்றம் பிடித்துக்கொண்டது. பூச்சியை மட்டும் வரையவே கூடாது, தூரத்தில் தெரிவதாகக்கூடக் காட்டக் கூடாது என்று மன்றாடினார். வேண்டுமானால் பெற்றோரும் தங்கையும் வெளிச்சமான அறையில் இருக்க, பக்கத்து இருட்டறையின் கதவு திறந்து கிடப்பதை வரையலாம் என்று தானே ஒரு வழியும் சொன்னார். வெளிவந்த அட்டையில் பூச்சி இல்லை. அங்கி அணிந்த ஓர் ஆள் முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டு நகர்கிறான். அவனுக்குப் பின்னால் ஒரு கதவு திறந்திருக்கிறது. உள்ளே ஒரே இருட்டு.

அந்தக் கதவைப் போன்றவற்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நாவலுக்குப் படம் போடுவதில் ஒரு வகை, நடப்பதை நடந்தபடியே காட்டுவது: இன்னார், இன்ன உடையில், இன்ன இடத்தில், இன்னாரோடு பேசிக்கொண்டிருக்கிறார். இன்னொரு வகை, கதைக்குள் கிடக்கும் ஒரு பொருளையோ இடத்தையோ நிறத்தையோ எடுத்துக்கொண்டு, அதன் வழியாகக் கதையின் உள்ளோட்டத்தை உணரவைப்பது. இதைக் குறியீட்டு ஓவியம் என்று சொல்லலாம்.

நமக்கு முதல் வகை மிகவும் பழக்கமானது. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வந்தபோது மணியம் வரைந்த படங்கள்தான் இன்றும் பலர் மனத்தில் வந்தியத்தேவனுக்கும் நந்தினிக்கும் முகமாக இருக்கின்றன. வாரம் ஒருமுறை வரும் தொடர்கதைக்கு அது தேவையும்கூட. போன வாரம் பார்த்தவர் யார், இந்த வாரம் புதிதாக வந்தவர் யார் என்று வாசகருக்கு அடையாளம் தெரிய வேண்டும். ஆனால் எல்லா நாவல்களுக்கும் இது பொருந்தாது. முகத்தை வரைந்துவிட்டாலே சிறுத்துப்போகும் நாவல்கள் உண்டு. காஃப்கா அஞ்சியது அதைத்தான். பூச்சிக்கு எத்தனை கால்கள் என்று ஓவியர் முடிவுசெய்துவிட்டால், பிறகு அது வெறும் பூச்சி.

ஆரம்பநிலை வாசகருக்கு இந்த விஷயத்தை விளக்க, ஹெர்மன் மெல்வில் எழுதிய ‘மோபி டிக்’ நாவலைவிடப் பொருத்தமானது இல்லை என்பது என் எண்ணம். 1851இல் முதலில் லண்டனிலும் அடுத்த மாதமே நியூயார்க்கிலும் வெளியான நூல். அமெரிக்காவின் நான்டக்கெட் துறைமுகத்திலிருந்து ‘பீக்வாட்’ என்ற திமிங்கல வேட்டைக் கப்பல் புறப்படுகிறது. அதன் தலைவன் ஆகாப். முன்பு ஒரு வெள்ளைத் திமிங்கலம் அவன் காலைப் பறித்துவிட்டது. திமிங்கலத் தாடை எலும்பால் செய்த பொய்க்காலோடு அவன் இப்போது அதைத் தேடி அலைகிறான். கூட்டிச்செல்லும் அத்தனை பேரின் உயிரையும் அந்தப் பகைக்காகப் பணயம் வைக்கிறான். எல்லாவற்றையும் பார்த்து நமக்குச் சொல்பவன் இஸ்மவேல் என்ற மாலுமி. கதை இவ்வளவுதான். ஆனால் 135 அத்தியாயங்கள். எண்ணெய் காய்ச்சுவது, கயிறு சுற்றுவது, திமிங்கல வகைகள் என்று பக்கம் பக்கமாக ஓடும். ஏன் இத்தனை என்று முதல்முறை படிப்பவர் அலுத்துக்கொண்டால் நான் குறைசொல்ல மாட்டேன். அந்தப் பொருள்களின் குவியலுக்குள்தான் ஓவியருக்கான சுரங்கம் இருக்கிறது.

குறியீடு என்றதும் பலருக்கு நினைவில் வருவது புறா, தராசு, மண்டையோடு. புறா என்றால் அமைதி, தராசு என்றால் நீதி, மண்டையோடு என்றால் சாவு. இவை சாலையோர எச்சரிக்கைப் பலகையைப் போன்றவை. எல்லாரும் முன்பே ஒப்புக்கொண்ட பொருளை மட்டும் சொல்லும். நாவலில் வரும் குறியீடு அப்படி முன்கூட்டியே பொருள் ஏற்றிக்கொண்டு வருவதில்லை. முதலில் அது வெறும் பொருளாக, கதைக்குத் தேவையான ஒரு சாமானாக நுழைகிறது. திரும்பத் திரும்ப வருகிறது, கைமாறுகிறது, பயன் மாறுகிறது. வாசகர் தன்னை அறியாமலே அதன்மேல் அர்த்தத்தைச் சேர்த்துக்கொண்டே போகிறார்.

‘மோபி டிக்’கில் வரும் சவப்பெட்டியைப் பாருங்கள். குவிக்வெக் என்ற ஈட்டி வீரன் தென்கடல் தீவு ஒன்றைச் சேர்ந்தவன்; உடல் முழுக்கப் பச்சை குத்தியவன். பாதி வழியில் காய்ச்சலில் விழுந்து சாகக் கிடக்கிறான். படகு வடிவில் தனக்கொரு சவப்பெட்டி வேண்டும் என்று கேட்கிறான். கப்பல் தச்சன் அளவெடுத்துச் செய்துகொடுக்கிறான். குவிக்வெக் அதற்குள் படுத்தும் பார்க்கிறான். பிறகு, கரையில் செய்ய வேண்டிய ஒரு சின்னக் கடமை பாக்கி இருக்கிறது என்று நினைவுக்கு வந்ததால் சாவதில்லை என்று முடிவெடுத்து எழுந்துவிடுகிறான்! பெட்டி இப்போது அவன் துணிமணி வைக்கும் பெட்டியாகிறது. ஓய்வு நேரத்தில் தன் உடலில் இருக்கும் பச்சைக் கோலங்களை அதன் மூடியில் செதுக்குகிறான். அந்தக் கோலங்கள் அவன் தீவின் ஞானி ஒருவர் வானத்தையும் பூமியையும் பற்றி எழுதிவைத்த முழுத் தத்துவம். ஆனால் அது அவனுக்கே படிக்கத் தெரியாது. பிறகு கப்பலின் மிதவை கடலில் மூழ்கிப்போக, அதே பெட்டியைத் தார் பூசி அடைத்து மிதவையாகப் பின்புறத்தில் தொங்கவிடுகிறார்கள். கடைசியில் கப்பலே மூழ்கும்போது சுழலிலிருந்து மேலே வருவது அதுதான். அதைப் பிடித்துக்கொண்டுதான் இஸ்மவேல் பிழைக்கிறான்.

சவப்பெட்டி என்றால் சாவு என்று எழுதிவைத்திருந்த அகராதி இங்கே எப்படித் தலைகீழாகிறது பாருங்கள். செத்தவனுக்கென்று செய்தது உயிரோடு இருப்பவனைச் சுமக்கிறது. தோலில் இருந்த எழுத்து மரத்துக்கு வந்து, தோலுக்குரியவன் போன பிறகும் மிதக்கிறது. இதை ‘மரணத்தின் குறியீடு’ என்றோ ‘வாழ்வின் குறியீடு’ என்றோ ஒற்றைச் சொல்லில் அடைத்துவிட முடியாது. இஸ்மவேல் பிழைக்கும் காட்சியைப் படமாக்கும் ஓவியர் பெட்டியை வெறும் மரக்கட்டையாகக் காட்டினால் ஒரு விபத்துக் காட்சி கிடைக்கும். மூடியில் அந்தக் கோலங்களை அக்கறையோடு வரைந்தால் அறுபது எழுபது பக்கங்களுக்கு முந்தைய குவிக்வெக்கும் அங்கே வந்துவிடுகிறான், அவன் உருவத்தை வரையாமலேயே.

காசைப் பார்த்தவர்கள்

குறியீடு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நாவலே ஒரு பாடம் வைத்திருக்கிறது. 36ஆம் அத்தியாயத்தில் ஆகாப் ஒரு பொற்காசைப் பாய்மரத்தில் ஆணியால் அறைகிறான். வெள்ளைத் திமிங்கலத்தை முதலில் கண்டு குரல்கொடுப்பவனுக்கு அந்தக் காசு சொந்தம். 99ஆம் அத்தியாயத்தில் கப்பலில் உள்ளவர்கள் ஒவ்வொருவராக அந்தக் காசின் முன் வந்து நிற்கிறார்கள்.

எக்வடார் நாட்டுக் காசு. மூன்று மலைச் சிகரங்கள். ஒன்றின் மேல் தீ, ஒன்றின் மேல் கோபுரம், ஒன்றின் மேல் கூவும் சேவல். மேலே வளைவாக ராசி மண்டலத்தின் ஒரு பகுதி. துலாத்தில் சூரியன் நுழைகிறது. ஆகாப் பார்க்கிறான்: கோபுரமும் நான், எரிமலையும் நான், சேவலும் நான் என்கிறான். முதல் துணைத்தலைவன் ஸ்டார்பக் பக்தியுள்ளவன்; அவனுக்கு மூன்று சிகரங்களும் கிறிஸ்தவர்கள் வணங்கும் பரிசுத்தத் திரித்துவமாகவும் இடையில் உள்ள பள்ளம் மரணத்தின் பள்ளத்தாக்காகவும் தெரிகின்றன. இரண்டாம் துணைத்தலைவன் ஸ்டப் பஞ்சாங்கத்தை எடுத்துவந்து, மேஷம் தொடங்கி மீனம் வரை மனித வாழ்க்கையின் கட்டங்களைச் சிரிப்போடு வாசித்துமுடிக்கிறான். மூன்றாம் துணைத்தலைவன் ஃப்ளாஸ்க்குக்கு இதெல்லாம் தெரியாது. பதினாறு டாலர் பெறுமானமுள்ள காசு, சுருட்டு ஒன்று இரண்டு சென்ட், ஆக 960 சுருட்டு வாங்கலாம் என்கிறான். (கணக்கைப் போட்டுப் பாருங்கள், 800தான் வரும். மெல்வில் கவனக்குறைவாக எழுதினாரா, ஃப்ளாஸ்க்கைக் கிண்டல் செய்தாரா என்று வாசகர்கள் சண்டை போட்டுக்கொள்ளலாம். எனக்குக் கிண்டல் என்றே படுகிறது.) குவிக்வெக் காசையும் தன் தொடையில் உள்ள பச்சையையும் ஒப்பிட்டுப் பார்க்கிறான். கடைசியாக வருகிறான் பிப் என்ற சிறுவன். நடுக்கடலில் தனியே விடப்பட்டு மனம் பேதலித்தவன். அவன் இலக்கணப் பாடம் ஒப்பிப்பதுபோல், நான் பார்க்கிறேன், நீ பார்க்கிறாய், அவன் பார்க்கிறான் என்று அடுக்கிக்கொண்டே போகிறான்.

மற்றவர்கள் காசைப் பற்றிப் பேசினார்கள். பிப் ஒருவன்தான் பார்ப்பதைப் பற்றிப் பேசினான். எனக்குத் தெரிந்து குறியீட்டைப் பற்றி இதைவிடத் தெளிவான பாடம் வேறெந்த நாவலிலும் இல்லை.

இப்போது இந்த அத்தியாயத்துக்கு நீங்கள் படம் போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காசின் முன் ஆகாப் நிற்கும் காட்சியை வரையலாம். ஆனால் அப்படி வரைந்த கணத்திலேயே ஆகாப்பின் பக்கம் சாய்ந்துவிடுகிறீர்கள், காசு அவனுடையதாகிவிடுகிறது. மூன்று சிகரங்களுக்குப் பின்னால் சிலுவை ஒளிரச் செய்தால் ஸ்டார்பக் சொன்னதுதான் சரி என்று தீர்ப்பு எழுதியதாகும். நான் வரைவதானால் காசை மட்டும், பக்கம் நிறைய, ஆணியோடு சேர்த்து வரைவேன். சேவலின் கொண்டை, தீயின் நாக்கு, விளிம்பில் உள்ள எழுத்து எதையும் விடமாட்டேன். யாருடைய நிழலும் அதன்மேல் விழாது. வாசகரும் வரிசையில் நின்று பார்க்கட்டும்.

குறியீட்டு ஓவியம் என்றாலே தெளிவில்லாமல், மங்கலாக, கனவுபோல இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பொருள் தெளிவாக இருக்க வேண்டும். அதன் அர்த்தத்தைத்தான் ஓவியர் கட்டிப்போடக் கூடாது. மங்கலாக வரைந்தால் வாசகர் ‘இது என்ன?’ என்று கேட்பார். தெளிவாக வரைந்தால் ‘இது ஏன் இங்கே?’ என்று கேட்பார். இரண்டாவது கேள்விதான் நமக்கு வேண்டும்.

ராக்வெல் கென்ட் செய்தது

மெல்வில் 1891இல் இறந்தபோது அவரை ஏறக்குறைய எல்லாரும் மறந்திருந்தார்கள். 1920களில்தான் அமெரிக்கர்கள் அவரைத் திரும்பக் கண்டெடுத்தார்கள். அந்தச் சூழலில் 1926இல் சிகாகோவின் ஆர்.ஆர். டானெல்லி அச்சகம் ராக்வெல் கென்ட் என்ற ஓவியரிடம் வேறொரு கடல் பயண நூலுக்குப் படம் வரைந்து தரக் கேட்டது. கென்ட்தான் ‘மோபி டிக்’கைச் செய்யலாம் என்றார். அலாஸ்காவில் தனித் தீவு ஒன்றில் குளிர்காலத்தைக் கழித்தவர், 1929இல் கிரீன்லாந்துக் கரையில் கப்பல் உடைந்து தப்பியவர்; கடலையும் பனியையும் வரைவதற்கு அவரிடம் சொந்தச் சரக்கு இருந்தது. 1930இல் அந்த அச்சகத்தின் ‘லேக்சைட் பிரஸ்’ பெயரில் மூன்று தொகுதிகளாக, 280 படங்களோடு, 1000 பிரதிகள் மட்டும் வெளிவந்தன. மூன்றையும் சேர்த்து ஓர் அலுமினியப் பெட்டிக்குள் வைத்து விற்றார்கள். அதே ஆண்டு ‘ரேண்டம் ஹவுஸ்’ ஒற்றைத் தொகுதியாக மலிவுப் பதிப்பும் போட்டது. அதன் அட்டையில் கென்ட்டின் பெயர் இருந்தது; மெல்வில்லின் பெயரைப் போட மறந்துவிட்டார்கள். நாவலை எழுதியவர் உயிரோடு இருந்தபோதும் அவருக்கு இதுதான் நேர்ந்தது என்று நினைத்தால் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்தே வருகின்றன.

கென்ட்டின் படங்களை முதல் பார்வையில் மரச்செதுக்கு (மரக்கட்டையில் செதுக்கி அச்சிடுவது) என்றுதான் நினைக்கத் தோன்றும். உண்மையில் பேனாவும் தூரிகையும் மையும் கொண்டு வரைந்தவை. சாம்பல் நிறமே கிடையாது. ஒன்று கறுப்பு, இல்லையென்றால் வெறும் தாள். இந்தத் தேர்வு வெறும் அழகுக்காகச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. நாவலின் 42ஆம் அத்தியாயம் முழுக்க முழுக்க வெண்மையைப் பற்றியது. முத்து, மணப்பெண், பர்மாவின் பெகு நாட்டு மன்னர்களின் வெள்ளை யானை என்று வெண்மையின் பெருமைகளை எல்லாம் அடுக்கிவிட்டு, பிறகு பனிக்கரடி, வெள்ளைச் சுறா, பிணத்தின் நிறம் என்று இஸ்மவேல் திரும்புகிறான். திமிங்கலத்தின் வெண்மைதான் எல்லாவற்றையும்விடத் தன்னை அச்சுறுத்தியது என்கிறான். அது ஒரு நிறமா, அல்லது நிறமே இல்லாத நிலையா என்று அவனால் தீர்மானிக்க முடியவில்லை. விதவையின் வெள்ளைப் புடவையையும் கல்யாண வேட்டியையும் ஒரே ஊரில் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல.

இதைக் கறுப்பு மையில் எப்படி வரைவது? வெள்ளையை மையால் வரைய முடியாது. சுற்றிலும் இருட்டைப் பூசிவிட்டு நடுவில் தாளைத் தொடாமல் விட வேண்டும். திமிங்கலம் இருக்கும் இடத்தில் ஓவியர் எதுவும் செய்யவில்லை என்று ஆகிவிடும். நிறமா, நிறமின்மையா என்ற இஸ்மவேலின் கேள்வி இங்கே அச்சுத் தொழிலின் கேள்வியாகவே மாறிவிடுகிறது. எண்ணெய் வண்ணத்தில் வரைபவர் வெள்ளைச் சாயத்தை எடுத்துப் பூசிவிடுவார். அவருக்கு இந்த வாய்ப்பு கிடைக்காது. குறியீடு என்பது எதை வரைகிறோம் என்பதோடு நிற்பதில்லை, எந்தக் கருவியால் வரைகிறோம் என்பதிலும் இருக்கிறது என்பதை ஆரம்பத்திலேயே மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது.

கென்ட்டின் புகழ்பெற்ற படம் ஒன்று: நட்சத்திரங்கள் நிறைந்த இரவு வானத்தை நோக்கித் திமிங்கலம் செங்குத்தாக எழும்புகிறது. கடல் கீழே கிடைமட்டமாகக் கிடக்க, அந்த ஒற்றை உடல் தூண்போல நிற்கிறது. படகு இல்லை, ஈட்டி இல்லை, ஆகாப் இல்லை. வேட்டைக் கதையில் வேட்டையே இல்லாத படம். யாரையும் துரத்தாத, யாருடைய பகையையும் அறியாத ஒரு விலங்கு. ஆகாப் தன் மனத்தில் வளர்த்துக்கொண்ட அரக்கனுக்கும் உண்மையில் கடலில் இருப்பதற்கும் உள்ள தூரம் இந்தப் படத்தில் இருக்கிறது என்று நான் படிக்கிறேன். வேறொருவர் இதில் கடவுளைப் பார்க்கலாம். காசின் முன் நின்றவர்களை மறந்துவிட வேண்டாம்.

இன்னொன்று கவனிக்க வேண்டியது அளவு. மனிதனையும் படகையும் சிறிதாக்கி, கடலையும் வானத்தையும் பெரிதாக்கினால் வாக்கியமே இல்லாமல் ஒரு கருத்து உருவாகிவிடுகிறது. கென்ட் இதைப் பல இடங்களில் பயன்படுத்துகிறார். அத்தியாயத் தொடக்கத்திலும் முடிவிலும் அவர் வைக்கும் சின்னஞ்சிறு படங்களும் முக்கியம். முழுப்பக்கப் படம் சத்தம் போட்டுப் பேசும். அத்தியாயம் முடியும் இடத்தில் விரற்கடை அளவில் ஒரு பொருள் கிடந்தால், வாசகர் அதைக் கவனித்தும் கவனிக்காமலும் தாண்டிப்போவார். பின்னால் அதே பொருள் கதையில் வரும்போது எங்கோ பார்த்த நினைவு வரும்.

திமிங்கலப் படங்களைப் பற்றி நாவலுக்குள்ளேயே மூன்று அத்தியாயங்கள் (55, 56, 57) இருக்கின்றன என்பது ஓவியர்களுக்கு ஒரு பயமுறுத்தல். அதுவரை உலகத்தில் வந்த படங்களில் பெரும்பாலானவற்றை இஸ்மவேல் கிழித்துத் தொங்கவிடுகிறான். எலிஃபண்டா குகையில் விஷ்ணுவின் மச்ச அவதாரத்தைக் காட்டுவதாகத் தான் சொல்லும் சிற்பத்தையும் அவன் விட்டுவைக்கவில்லை. வால் திமிங்கலத்தின் அகன்ற வால் மாதிரி இல்லை, அனகோண்டா பாம்பின் வால் மாதிரி மெலிந்து போகிறது என்கிறான். உயிரோடு இருக்கும் திமிங்கலத்தின் முழு உருவம் ஆழ்கடலுக்குள் மறைந்திருக்கும், கரையில் ஒதுங்கியது உருக்குலைந்து கிடக்கும், எலும்புக்கூட்டைப் பார்த்தால் சதையின் வடிவம் தெரியாது. ஆகவே கடைசிவரை வரையப்படாமலே இருக்க வேண்டிய ஒரே உயிர் இதுதான் என்று முடிக்கிறான். காஃப்கா கடிதத்தில் கெஞ்சியதை மெல்வில் நாவலுக்குள்ளேயே எழுதிவைத்துவிட்டார்.

இந்த எச்சரிக்கையை இன்னும் கண்டிப்பாக எடுத்துக்கொண்டவர் பாரி மோசர். சான் ஃபிரான்சிஸ்கோவின் ‘ஏரியன் பிரஸ்’ 1979இல் 265 பிரதிகள் மட்டும் அச்சிட்ட ‘மோபி டிக்’குக்கு அவர் 100 மரச்செதுக்குப் படங்கள் செய்தார். கதைக் காட்சிகளை வரைவதில்லை என்பது திட்டம். கப்பல்கள், துறைமுக இடங்கள், கடல் உயிர்கள், ஈட்டி முதலான கருவிகள், வேட்டையில் நடக்கும் வேலைகள் ஆகியவைதான் படங்கள். பார்த்தால் ஒரு தொழில் கையேட்டுப் படங்கள்போல இருக்கும். ஆனால் ஆகாப்பின் வெறி நம் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தைத் திருப்பி, கூர்தீட்டிய ஓர் ஈட்டியை மட்டும் பார்த்தால் அது கையேட்டுப் படமாக இருப்பதில்லை. கென்ட்டா மோசரா என்று கேட்டால், படங்களாக எனக்குக் கென்ட்டைப் பிடிக்கும். நாவலோடு சேர்த்து வாசிக்க மோசரைத்தான் எடுப்பேன்.

நீங்கள் வரைவதானால்

நாவலை இரண்டாவது முறை படிக்கும்போது ஒரு பென்சில் கையில் இருக்கட்டும். பாத்திரங்களை விட்டுவிடுங்கள், பொருள்களைப் பின்தொடருங்கள். ஒரு பொருள் முதலில் எங்கே வருகிறது, யார் கையில் இருக்கிறது, அடுத்து எங்கே வருகிறது, அப்போது யார் கையில் இருக்கிறது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போனால் பாதி வேலை முடிந்துவிடும். ஒரே ஒருமுறை வந்துபோகும் அழகான பொருளைவிட, நான்கு முறை வந்து ஒவ்வொரு முறையும் வேறு வேலை செய்யும் சாதாரணப் பொருள் மேல். ஆசிரியர் ‘இது இதைக் குறிக்கிறது’ என்று தானே விளக்கிவிட்ட பொருளைத் தொடாதீர்கள். உங்களுக்கு அங்கே வேலை இல்லை.

ஒரு சின்ன உதாரணம். 28ஆம் அத்தியாயத்தில்தான் ஆகாப் முதன்முதலாகத் தளத்தில் தோன்றுகிறான். கப்பல் ஆடும்போது விழாமல் இருக்க, தளப்பலகையில் துளை போட்டிருக்கிறார்கள். அரை அங்குல ஆழம் இருக்கலாம். அவன் எலும்புக்காலின் நுனி அதில் பொருந்திக்கொள்ளும். ஓவியத்துக்கு இந்தத் துளை ஒரு பொக்கிஷம். எலும்புக்கால் பதிந்திருக்கும் துளையை 28ஆம் அத்தியாயத்தில் ஒரு சிறு படமாக வைக்கலாம். கடைசியில் திமிங்கலத்தை மூன்று நாள் துரத்துகிறார்கள்; இரண்டாம் நாள் எலும்புக்கால் முறிந்துவிடுகிறது. உடைந்த படகின் அடிமரத்திலிருந்து தச்சன் புதுக்கால் செய்கிறான். மூன்றாம் நாள் ஆகாப் படகில் இறங்கிப் போய்விடுகிறான், திரும்பி வருவதில்லை. அப்போது தளத்தில் அந்தத் துளை வெறுமையாக இருக்கும். நாவல் இதைச் சொல்லவில்லை. அதே கோணத்தில், அதே அளவில், காலில்லாத துளையைக் கடைசி அத்தியாயத்தில் வைத்தால், ஆகாப்பின் சாவைக் கயிறும் ரத்தமுமாக வரைய வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு படங்களும் ஒரே கோணத்தில் இருப்பதுதான் இதில் உயிர்நாடி. கோணத்தை மாற்றினால் வாசகர் இரண்டையும் இணைக்க மாட்டார்.

செய்யக் கூடாதவை சில. படத்துக்கு அடியில் விளக்கக் குறிப்பு எழுதாதீர்கள். எழுதித்தான் ஆக வேண்டும் என்று தோன்றினால் படத்தை மாற்றுங்கள். ஒரே படத்தில் மூன்று குறியீடுகளைத் திணிக்காதீர்கள். வெளியிலிருந்து கடன் வாங்காதீர்கள்: நாவலில் இல்லாத மணற்கடிகாரம், மெழுகுவத்தி, சிலந்திவலை எல்லாம் ‘ஆழம்’ காட்டுவதற்காக ஓவியர்கள் எடுத்துவந்து வைக்கும் சாமான்கள். அவற்றை எந்த நாவலின் பக்கத்திலும் ஒட்டலாம், அதுவே அவற்றின் குறை. வாசகருக்கு முன்னால் ஓடாதீர்கள். வெள்ளைத் திமிங்கலம் நேரில் வருவது 133ஆம் அத்தியாயத்தில்தான். அதுவரை பெயராகவும் வதந்தியாகவும் பிற கப்பல்கள் சொல்லும் செய்தியாகவும் மட்டுமே இருக்கிறது. முதல் பக்கத்திலேயே அதைப் பெரிதாகக் காட்டிவிட்டால் மெல்வில் 132 அத்தியாயங்கள் பொறுத்திருந்ததெல்லாம் வீண்.

அட்டைப்படத்துக்கு மட்டும் கணக்கு வேறு. நாவலைப் படிக்காதவர் பார்ப்பது அது. பொருளுக்கு அர்த்தம் சேர இன்னும் பக்கங்களே புரளவில்லை. ஆகவே அட்டையில் வைக்கும் குறியீடு ஒரு புதிராக நின்றால் போதும். படித்து முடித்துப் புத்தகத்தை மூடும்போது அவிழ்ந்தால் சரி. 1925இல் வந்த ‘தி கிரேட் கேட்ஸ்பி’யின் அட்டை இதற்குப் பேர்பெற்றது. ஃபிரான்சிஸ் கூகாட் வரைந்தது: இரவு நகரத்தின் விளக்குகளுக்கு மேலே, கரு நீல வானத்தில் இரண்டு கண்களும் உதடுகளும் மிதக்கின்றன, முகம் இல்லை. நாவலை இன்னும் எழுதிக்கொண்டிருந்த ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு, அந்த அட்டையை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம், அதை நாவலுக்குள் எழுதிவிட்டேன் என்று தன் பதிப்பாசிரியருக்குக் கடிதம் எழுதினார். நாவலில் பாழ்நிலத்தின் மேல் நிற்கும் கண் மருத்துவரின் விளம்பரப் பலகையில் வரும் பிரம்மாண்டக் கண்களுக்கும் இந்த அட்டைக்கும் என்ன உறவு என்று இன்றும் விவாதிக்கிறார்கள்.

வரையத் தெரியாதே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: மாட் கிஷ். அமெரிக்காவின் ஒஹாயோவில் நூலகராக இருந்தவர், ஓவியப் பள்ளியில் படித்தவர் அல்ல. தன்னிடம் இருந்த மலிவுப் பதிப்பு ‘மோபி டிக்’கில் 552 பக்கங்கள், பக்கத்துக்கு ஒரு படம் என்று 2009இல் தொடங்கினார். பல படங்களைப் பழைய புத்தகங்களிலிருந்தும் பழுதுபார்ப்புக் கையேடுகளிலிருந்தும் கிழித்த தாள்களின் மேலேயே வரைந்தார். கம்பி இணைப்பு வரைபடங்கள் பின்னால் தெரிய, அவற்றின் மேல் திமிங்கலம் நீந்தும். மனிதர்கள் மனிதர்போலவே இருக்க மாட்டார்கள். உலோகத் தகடும் வளையமும் கண்ணுமாக இருப்பார்கள். எல்லாப் படங்களும் நன்றாக இருக்கின்றன என்று சொல்ல மாட்டேன், 552இல் அது நடக்கவும் நடக்காது. 2011இல் அவை புத்தகமாக வந்தன. பாதிப் பக்கம் பழைய அச்செழுத்து, பாதிப் பக்கம் பால்பாயின்ட் பேனாக் கோடுகள் என்று இருப்பவற்றைப் புரட்டிப் பார்த்தால், எந்தக் கருவியும் தாளும் இதற்குப் போதும் என்று தெரிந்துவிடும்.